கப்பலில் இருந்த பூட்டனாருக்கு எந்த ஊர்?

கேள்வி: என் அம்மாச்சியின் அப்பா கப்பலில் சமையல்காரராக இருந்துவிட்டுக் கொடைக்கானலுக்கு வந்து தங்கியவர். பெயர் சூசை பர்னாந்து. 1919-ல் சலேத் மாதா கோயிலில் கல்யாணம் நடந்ததாம். சொந்த ஊர் யாருக்கும் தெரியவில்லை. லண்டனில் கப்பல் பதிவுகள் இருக்கின்றனவாமே, எழுதிக் கேட்கலாமா?

பதில்: லண்டன் அப்புறம் இருக்கட்டும், முதலில் மலையிலேயே தேடுங்கள். அந்தக் காலத்துக் கப்பல் ஆள்பட்டியல்கள் கப்பல்வாரியாக அடுக்கப்பட்டவை. கப்பலின் பெயர் தெரியாமல் ஆளைத் தேடினால் ஆயுசு போதாது. ஆனால் கல்யாணம் செய்துவைத்த கோயில், மாப்பிள்ளை எந்த ஊர் என்று விசாரிக்காமல் விட்டிருக்காது.

1908 முதல் கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு விதி உண்டு. வேறு பங்கில் (ஒரு கோயிலின் பொறுப்பில் உள்ள வட்டாரம்தான் பங்கு) ஞானஸ்நானம் பெற்றவருக்குத் திருமணம் நடந்தால், அந்தப் பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அங்கே ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அதைக் குறித்துவைப்பார்கள். உங்கள் பூட்டனாரின் கல்யாணம் 1919-ல் என்பதால் இது உங்களுக்குப் பெரிய வாய்ப்பு.

ஆகவே பங்குத்தந்தையிடம் திருமணப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதற்காக மதுரைக்குப் போக வேண்டாம், பழைய ஏடுகள் பெரும்பாலும் பங்கிலேயே இருக்கும். பல ஏடுகள் லத்தீனில் எழுதப்பட்டவை. சூசை அதில் 'யோசேபுஸ்' ஆகியிருப்பார். ராயப்பன் 'பேத்ருஸ்', சின்னப்பன் 'பாவுலுஸ்', அருளப்பன் 'யோவான்னெஸ்'. இது தெரியாமல், பெயரே இல்லை என்று திரும்பிப் போனவர்கள் நிறைய. சாட்சிகளின் பெயர்களையும் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். ஊரை விட்டு வந்தவருக்குச் சாட்சி நின்றவர் பல நேரம் ஊர்க்காரராகவோ கூடவே கப்பலில் இருந்தவராகவோ இருப்பார். எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்த இடமே சாட்சிகளின் பெயர் இருக்கும் அந்த வரிதான்.

பர்னாந்து என்பதை வைத்து ஊரை முடிவு செய்துவிடாதீர்கள். 1530-களில் போர்ச்சுகீசியர் காலத்தில் முத்துக்குளித்துறையில் பரவிய பெயர் அது. வேம்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு, கடலுக்கு அப்பால் மன்னார், கொழும்பு என்று எங்கும் உண்டு.

பங்கின் பெயர் கிடைத்ததும் அங்கே எழுதுங்கள். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்கள் இருக்கும். ஓரத்தில் கொடைக்கானல் கல்யாணமும் குறித்திருந்தால் ஆள் அவரேதான், சந்தேகமே வேண்டாம்.

கடல் பக்கம் தேடுவதற்கு முன் அம்மாச்சியிடம் ஒன்று கேளுங்கள்: பூட்டனார் போனது நீராவிக் கப்பலா, தூத்துக்குடி–கொழும்பு பாய்மரத் தோணியா? பேச்சில் 'தண்டல்' (தோணியின் தலைவர்) வந்தால் தோணியாக இருக்கலாம். அப்படியானால் பிரிட்டிஷ் கப்பல் பட்டியல்களில் அவரைத் தேடிப் பயனில்லை. நீராவிக் கப்பல் என்றால், 1915-ஆம் ஆண்டுப் பட்டியலை மட்டும், கப்பல் பெயர் தெரியாவிட்டாலும், இணையத்தில் இலவசமாகவே பெயர் போட்டுத் தேடலாம். வயது, பிறந்த ஊர், கப்பல் பெயர் எல்லாம் அதில் வரும். எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். 1863 முதல் 1938 வரையிலான பட்டியல்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இப்போது லண்டனில் இல்லை, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் உள்ளன. கப்பல் பெயர் தெரிந்தபின் அங்கே எழுதலாம்.

ஆகஸ்டு நடுவில் சலேத் மாதா திருவிழா. அந்தச் சமயம் பதிவேடு கேட்டுப் போகாதீர்கள். முன்கூட்டியே கடிதம் எழுதி, பெயர்களையும் ஆண்டையும் குறிப்பிட்டு, நாள் வாங்கிக்கொண்டு போங்கள்.