புது வீணை வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் இருக்கிறேன். வயது 47. பள்ளி நாட்களில் மூன்று வருடம் வீணை கற்றுக்கொண்டு விட்டுவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்பு மறுபடி ஆரம்பித்து, இப்போது வர்ணங்கள் என்ற உருப்படிகளை வாசிக்கிறேன். வீட்டில் இருப்பது அம்மா 1981-இல் தஞ்சாவூரில் வாங்கிய வீணை. அம்மா இப்போது இல்லை. கடைசியாக மேளம் கட்டியது, அதாவது தந்தியை அழுத்தும் உலோக மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாக மெழுகில் பொருத்தியது, 2003-இல். அதற்குப் பிறகு நான் தந்தி மட்டும் மாற்றியிருக்கிறேன். மேல் ஸ்தாயியில் சுரம் சேரவே மாட்டேன் என்கிறது. சில மெட்டுகளில் கரகரவென்று சத்தம். டீச்சர் வீட்டு வீணையில் அதே வர்ணத்தை வாசித்தால் எனக்கே கேட்கப் பிடிக்கிறது.

புது வீணைக்காக 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணையா, பாகங்களைச் சேர்த்துச் செய்த ஒட்டு வீணையா, இல்லை அபார்ட்மெண்டுக்குத் தோதாக எலக்ட்ரானிக் வீணையா என்று தினமும் ராத்திரி வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கணவர் தடுக்கவில்லை. “மேடை ஏறப் போறதில்லையே, இருக்கிறது போதாதா?” என்று மட்டும் ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள்ளும் உறுத்துகிறது. நீங்களும் வீணை வாசிப்பவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகி, கோவை

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த உறுத்தலை இறக்கி வையுங்கள். மேடை ஏறுபவருக்குத்தான் நல்ல வாத்தியம் என்றால் தஞ்சாவூர்ப் பட்டறைகளில் பாதியை மூட வேண்டியிருக்கும். நம் வீடுகளில் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அரைமணி நேரம் வாசித்தவர்களால்தான் அந்தத் தொழில் இத்தனை தலைமுறை நின்றது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, கால் மடக்கி உட்கார்ந்து ஒரு வர்ணத்தின் சரணத்தோடு மல்லுக்கட்டுகிறீர்களே, அதற்கு ஒழுங்கான நாதம் கேட்பது பேராசை இல்லை. உங்கள் சேமிப்பு, உங்கள் விருப்பம். தாராளமாக வாங்கலாம்.

ஆனால் இந்த மாதம் வாங்காதீர்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் குறைகளை இரண்டு தடவை படித்தேன். மேல் ஸ்தாயியில் சுருதி விலகுகிறது, சில மெட்டுகளில் மட்டும் கரகரப்பு. இரண்டுமே மேளத்தின் குறை. மரத்தில் குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. வருடக்கணக்கில் வெயிலுக்கு இளகி, பனிக்கு இறுகி, விரல் அழுத்தத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும். மேலே போகப் போக மெட்டுகள் நெருங்கி வருவதால், அங்கே மயிரிழை நகர்ந்தாலும் காதுக்குத் தெரியும். தினமும் வாசிப்பவர்கள் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மேளம் கட்டிக்கொள்வார்கள். உங்கள் வீணைக்குக் கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஒரு மே மாதம் திருச்சியில், கல்யாண மண்டபத்துக்கு வெளியே காரை வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். பின் சீட்டில் வீணை. இரண்டு மணி நேரம் கழித்து வந்து உறையைப் பிரித்தால் மெழுகு பளபளவென்று இளகிக் கிடக்கிறது, நான்கைந்து மெட்டுகள் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கின்றன. அன்று எனக்கு ஏற்பட்ட பதற்றம் இன்றும் நினைவிருக்கிறது. அந்த வீணையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் போனபோதுதான் மேளம் கட்டுவதை முதன்முதலாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

பெரியவர் ஒருவர், மகன் உதவிக்கு. பழைய மெட்டுகளைக் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு துணியில் அடுக்கினார். தேன்மெழுகும் குங்கிலியமும் கரித்தூளும் சேர்ந்த அந்தக் கறுப்பு மெழுகைச் சூடாக்கிப் பிசைந்து, வீணையின் நீண்ட கழுத்தான தண்டியின் இரண்டு ஓரத்திலும் நீளமாகக் கரை கட்டினார். பிறகு ஒவ்வொரு மெட்டாக வைத்தார். முதல் தந்தியான சாரணியை ஒருமுறை மீட்டுவார், கேட்பார், கட்டைவிரல் நகத்தால் மெட்டை ஒரு நூலளவு தள்ளுவார், மறுபடி மீட்டுவார். அளவுகோல் கிடையாது, போனில் ட்யூனர் கிடையாது. பன்னிரண்டாம் மெட்டில் தார ஷட்ஜம், அதாவது மேல் ‘ஸ’, சேர்ந்ததும், சும்மா மீட்டிய தந்தியோடு அதைத் திரும்பத் திரும்ப ஒப்பிட்டுப் பார்த்தார். எனக்கு முதல் தடவையே சரியாகத்தான் கேட்டது. அவருக்கு ஆறாவது தடவைதான் சரியானது. சாயங்காலம் வீணையை வாங்கி வாசித்தேன். நான் விற்றுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த வீணைதான் அது, நம்பவே முடியவில்லை.

அதனால் உங்கள் வீணைக்கு முதலில் மேளம் கட்டுங்கள். மெட்டுகளில் தந்தி உராய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் அரம் போட்டுச் சமன் செய்யச் சொல்லுங்கள். அந்தக் கரகரப்புக்கு அதுதான் காரணமாக இருக்கும். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேலிருக்கும் உலோகத் தகட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தகட்டின் வளைவில்தான் நாதத்தின் கார்வை இருக்கிறது. தேய்ந்திருந்தால் தந்தி மொண்ணையாகப் பேசும். தந்தியை முறுக்கும் பிரடைகள் வழுக்கினால் அதையும் சரிசெய்துகொள்ளுங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு உங்கள் சேமிப்பில் ஒரு சிறு பகுதிதான். அப்புறம் மூன்று மாதம் வாசியுங்கள். அதன் பிறகும் புது வீணை வேண்டும் என்று தோன்றினால் சந்தோஷமாகக் கிளம்புங்கள்.

அப்படிப் போகும்போது வீடியோவை நம்பாமல் நேரில் போங்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைத்தான் காக்கும். உங்கள் மடியில் உட்காரப் போகும் வீணையை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். இடது பக்கத்துச் சுரைக்காய் தொடையில் சரியாக அமர்கிறதா, இடது கை 24-ஆம் மெட்டு வரை தோளை இழுக்காமல் போகிறதா? நான்கு வாசிப்புத் தந்திகளிலும் ஒவ்வொரு மெட்டையும் தொட்டுப் பாருங்கள். ஐந்தாம் மெட்டில் வைத்துப் பஞ்சமம் வரை இழுத்துப் பாருங்கள், இழுக்கும்போது ஒலி பாதியில் அறுந்தால் மேளம் சரியில்லை. பலா மரம் எத்தனை நாள் காய்ந்தது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஏகாந்தமா ஒட்டா என்பதில் என் கட்சி இதுதான். ஒலி எழும் குடம், தண்டி, நுனியில் இருக்கும் யாளி முகம் வரை ஒரே மரத்தில் குடைந்தது என்ற பெருமை உண்மையிலேயே பெரிது, அதற்கேற்ற விலையும் உண்டு. ஆனால் சுமாரான ஏகாந்த வீணையை விட, கைதேர்ந்தவர் செய்த ஒட்டு வீணை நன்றாகப் பேசும். உங்கள் தொகைக்கு ஒட்டு வீணையில் மிக நல்லதாகவே தேடலாம்.

எலக்ட்ரானிக் வீணையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடிக்கடி ஊர் மாறுபவர்களுக்கும், ஹெட்போன் போட்டு நடுராத்திரி சாதகம் செய்பவர்களுக்கும் அது வரப்பிரசாதம். ஆனால் அபார்ட்மெண்ட் என்ற ஒரே காரணத்துக்காக என்றால் வேண்டாம். வீணை சத்தம் போடும் வாத்தியமே இல்லை. அந்தக் காலத்துப் பெரிய வீணைக் கலைஞர் வீணை தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மைக் இல்லாமல் வாசிப்பார், வந்தவர்கள் மூச்சுக்கூடக் கேட்காமல் உட்கார்ந்து கேட்பார்கள். பக்கத்து வீட்டு மிக்ஸிக்கு முன்னால் உங்கள் வீணை எம்மாத்திரம்! கதவைச் சாத்திக்கொண்டு வாசியுங்கள். குடத்தின் அதிர்வு வலது முழங்கையில் ஏறுகிறதே, அந்தச் சுகம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

ஒன்று மட்டும் மறக்காமல் செய்யுங்கள். அந்தப் பெரியவர் என் மெட்டுகளைத் துணியில் அடுக்கியபோது ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். நான் அந்த வீணையைப் பழையதாகத்தான் வாங்கி, அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய மெட்டுகளில் தெளிவான பள்ளம். 2, 3, 6, 9, 10 வழவழவென்று புதிதாகவே இருந்தன. பன்னிரண்டுக்கு மேலே தேய்மானமே இல்லை. “இதுல வாசிச்சவங்க மாயாமாளவகௌளையைத் தாண்டலைங்க” என்றார். ஆரம்பப் பாடங்களுக்கான அந்த ராகத்தின் சுரங்கள் விழுவது அந்த ஏழு மெட்டுகளில்தான். முதல் பாடமான சரளி வரிசையையும் மலஹரி ராகத்து எளிய கீதங்களையும் வருடக்கணக்கில் வாசித்துவிட்டு யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். முகம் தெரியாத அந்த மனிதரை நினைத்து எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

உங்கள் வீணையில் அம்மாவும் வாசித்திருப்பார். அரம் போடுவதற்கு முன்னால் மெட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், எவையெல்லாம் தேய்ந்திருக்கின்றன என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கல்யாணி ராகத்தின் ‘ம’வான பிரதி மத்தியமம் பேசும் ஆறாவது மெட்டில் ஆழமான பள்ளம் இருந்தால், அம்மா கல்யாணியை நிறைய வாசித்தவராக இருக்கலாம். என்ன தெரிகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.