'நோ சிக்னல்' என்று திரை சொன்னால் மதர்போர்டு போய்விட்டதா?

கேள்வி: 2012-இல் பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் எங்கள் வீட்டில் இருக்கிறது. கோர் ஐ3 இரண்டாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 7, பதினெட்டரை இன்ச் எல்சிடி மானிட்டர். ஒரு மாதமாகக் காலையில் ஆன் செய்தால் உள்ளே ஃபேன் ஓடுகிறது, திரையில் 'நோ சிக்னல்' மட்டும் வருகிறது. நாலைந்து முறை அணைத்துப் போட்டால் படம் வந்துவிடும். வந்தாலும் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் ரோஸ் கலர். எழுத்துகள் பருத்து மங்கலாகத் தெரிகின்றன. தேதியும் ஏதோ பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது, புது கம்ப்யூட்டர் வாங்குங்கள் என்கிறார். பிள்ளைகளின் சின்ன வயசுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது?

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

அம்மா, முதலில் படங்களைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். அவை இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகை, உண்மையிலேயே போயிருந்தாலும் அந்த டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா எனப்படும் டிஸ்க் இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் கேபிளும் அதனுடன் வரும் பவர் அடாப்டரும் வைத்து வேறு கம்ப்யூட்டரில் திறந்து எடுத்துவிடலாம். ஆனால் 13 வருடம் தாண்டிய டிஸ்க் அது. அடுத்த முறை திரையில் படம் வந்தவுடன், வேறு எதையும் தொடுவதற்கு முன், அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ காப்பி செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இப்போது கோளாறுக்கு வருவோம். நீங்கள் எழுதியதைப் படித்தால் ஒரே நோய்க்கு நாலு அறிகுறி என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மூன்று சின்னக் கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்து பெரிய கோளாறு போலத் தெரிகிறது. மதர்போர்டு என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணமே வேண்டாம்.

'நோ சிக்னல்' என்ற எழுத்தைக் காட்டுவது கம்ப்யூட்டர் இல்லை, மானிட்டர். 'எனக்குக் கரண்ட் வருகிறது, நான் நன்றாக இருக்கிறேன், எதிர்ப்பக்கத்திலிருந்துதான் ஒன்றும் வரவில்லை' என்று அது சொல்கிறது. ஆகவே மானிட்டர் ஓரளவு சரி. பிழை கேபிளிலா, கம்ப்யூட்டரிலா என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. காலையில் 'நோ சிக்னல்' வரும்போது உடனே அணைக்காதீர்கள். இரண்டு நிமிடம் விட்டு, கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) பட்டனைத் தட்டுங்கள். கீபோர்டின் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உள்ளே விழித்துக்கொண்டு வேலை செய்கிறது, படம் மட்டும் திரைக்கு வந்து சேரவில்லை. விண்டோஸ் தொடங்கும் ஓசை ஸ்பீக்கரில் கேட்டாலும் அதே பொருள். விளக்கு அசையவே இல்லை என்றால் கம்ப்யூட்டர் தன் முதல் சோதனையைத் தாண்டாமல் பாதியில் நிற்கிறது. ஃபேன் ஓடுவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. கரண்ட் வந்தால் ஃபேன் ஓடத்தான் செய்யும்.

ரோஸ் கலரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது கிட்டத்தட்ட தானே விடை சொல்லிவிடுகிறது. உங்கள் மானிட்டரை இணைப்பது, இரண்டு பக்கமும் திருகு வைத்த விஜிஏ கேபிளாகத்தான் இருக்கும். ஐபிஎம் 1987-இல் பிஎஸ்/2 வரிசைக் கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்த ஏற்பாடு அது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அதில் தனித்தனிக் கம்பியில் போகின்றன. பச்சைக் கம்பியின் தொடர்பு விட்டுப்போனால் வெள்ளை ரோஸாகிவிடும். சிவப்பு விட்டால் நீலப்பச்சை, நீலம் விட்டால் மஞ்சள். உங்கள் திரையில் காணாமல் போனது பச்சை.

உறுதி செய்துகொள்ள, மானிட்டரின் ஓரத்திலுள்ள மெனு பட்டனை அழுத்துங்கள். அந்த மெனுவை மானிட்டரே வரைகிறது, கேபிள் வழியாக வருவதில்லை. மெனுவில் நிறங்கள் சரியாக இருந்து பின்னணி மட்டும் ரோஸாக இருந்தால் மானிட்டரின் கண்ணாடிப் பகுதியில் குறையில்லை. மெனுவும் ரோஸாக இருந்தால் பிழை மானிட்டருக்கு உள்ளே.

அப்புறம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு விஜிஏ கேபிளை இரண்டு முனையிலும் கழற்றுங்கள். செல்போன் டார்ச்சை அடித்து முனைக்குள் பாருங்கள். மூன்று வரிசையில் ஐந்தைந்தாக 15 ஊசிகளுக்கு இடம் இருக்கும். ஏதாவது ஒரு ஊசி சாய்ந்தோ, உள்ளே அமுங்கியோ, கறுத்தோ இருக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். நடு வரிசையில் ஒன்பதாவது ஊசி பல கேபிள்களில் தயாரிப்பிலேயே இருக்காது. அதைப் பார்த்து ஒடிந்துவிட்டது என்று பதற வேண்டாம். முதல் வரிசையின் இரண்டாவது ஊசிதான் பச்சை. சாய்ந்திருந்தால் மெல்லிய இடுக்கியால் பதமாக நிமிர்த்தலாம், அதற்கு மேல் வளைத்தால் ஒடிந்துவிடும். மேசையை நகர்த்திப் பெருக்கும்போது கேபிள் இழுபடுவதும், திருகை முடுக்காமல் வெறுமனே செருகி விடுவதும்தான் இந்த ஊசிகள் கெடுவதற்கு வழக்கமான காரணங்கள். மறுபடி மாட்டும்போது இரண்டு திருகையும் விரலால் முடுக்குங்கள்.

பருத்த எழுத்துக்கும் இந்தக் கேபிளே காரணமாக இருக்கலாம். மூன்றாவது வரிசையின் 12-ஆவது, 15-ஆவது ஊசிகள் வழியாகத்தான் மானிட்டர் 'நான் இன்ன மாடல், எனக்கு இன்ன அளவு' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அந்தப் பேச்சு நின்றுபோனால் விண்டோஸ் குத்துமதிப்பாக 1024க்கு 768 மாதிரி ஒரு பழைய அளவைத் தேர்ந்தெடுக்கும். உங்களது போன்ற பதினெட்டரை இன்ச் மானிட்டர்கள் பெரும்பாலும் 1366க்கு 768. அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இழுபடுவதால்தான் எழுத்து பருக்கிறது. பெயின்ட் நிரலில் ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். அது படுத்த முட்டை மாதிரி தெரிந்தால் இதேதான். விண்டோஸில் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து மானிட்டர் என்ற பகுதியில் 'ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்' என்று இருந்தால் மானிட்டர் பேசுவது கம்ப்யூட்டருக்குக் கேட்கவில்லை என்று பொருள். அங்கேயே டிஸ்ப்ளே அடாப்டர் பகுதியையும் பாருங்கள். இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஸ்டாண்டர்டு விஜிஏ கிராஃபிக்ஸ் அடாப்டர்' என்று இருந்தால் அந்தப் பாகத்தை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் போய்விட்டது, மதர்போர்டுடன் வந்த சிடியிலிருந்து அதை மறுபடி போட வேண்டும்.

எனவே கடைக்குப் போய் முதலில் வாங்க வேண்டியது ஒரு விஜிஏ கேபிள். வாங்கும் முன் பக்கத்து வீட்டுக் கேபிளை அரை மணி நேரம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். வீட்டு டிவியின் பின்புறம் 'பிசி இன்' என்ற விஜிஏ துளை இருந்தால், கம்ப்யூட்டரை அதில் மாட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. நல்ல கேபிளிலும் ரோஸ் நிறமே வந்தால், மானிட்டர் பக்கமோ கம்ப்யூட்டர் பக்கமோ துளையின் பற்றவைப்பு விட்டிருக்கும். கை தேர்ந்த மெக்கானிக் அதைச் சரிசெய்துவிடுவார்.

சரி, காலையில் வரும் 'நோ சிக்னல்'. நம் லாக் விளக்கு அசையவில்லை என்றால் என் முதல் சந்தேகம் ரேம், அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பட்டை. அதன் தங்க நிற விளிம்பில் வருடக்கணக்கில் தூசியும் ஈரப்பதமும் படிந்து மெல்லிய படலம் உண்டாகிவிடும். காவிரிக் கரை ஊரில் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். தொடர்பு விட்டு விட்டுக் கிடைப்பதால்தான் நாலு முறை தோற்று ஐந்தாம் முறை ஜெயிக்கிறது. மதர்போர்டு முழுதாகச் செத்திருந்தால் ஐந்தாம் முறையும் வராது. ஐந்தாம் முறையாவது படம் வந்துவிடுகிறது என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது.

இதைச் சுத்தம் செய்ய வேண்டியது பள்ளிக்கூட வெள்ளை ரப்பர், ஒரு ஆசிரியையின் வீட்டில் இல்லாமலா இருக்கும்! சுவிட்சை அணைத்து, பவர் கார்டையே உருவிவிடுங்கள். பிறகு கேபினெட்டின் பவர் பட்டனைப் பதினைந்து வினாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டைப் படுக்க வைத்துப் பக்கத் தகட்டைத் திறங்கள். பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுவிட்டு, ரேமின் இரண்டு முனையிலும் உள்ள பிளாஸ்டிக் காதுகளை வெளிப்பக்கமாகத் தள்ளினால் அது தானே எழும்பி வரும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், தங்க விளிம்பில் விரல் படக்கூடாது. அந்த விளிம்பை இரண்டு பக்கமும் ரப்பரால் மெதுவாக, ஒரே திசையில் தேயுங்கள். ரப்பர் கறுப்பதை நீங்களே பார்ப்பீர்கள். துகள்களை மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். உப்புத்தாள் கூடவே கூடாது, தங்க முலாம் போய்விடும். செருகும் துளையையும் அதே பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, விளிம்பில் உள்ள வெட்டு பொருந்தும்படி வைத்து, இரண்டு கட்டை விரலாலும் காதுகள் 'டக்' என்று தானே மூடும்வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள், பிறகு மற்றதை. எது குறை என்று அப்போது பிரிந்துவிடும்.

தேதி பின்னால் போவது மூன்றாவது கோளாறு. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துவிட்டது. ராத்திரி மெயின் சுவிட்சையே அணைத்துவிடும் பழக்கம் உங்களுக்கு இருக்குமென்று நினைக்கிறேன். சுவிட்ச் போட்டிருக்கும் வரை மதர்போர்டு வீட்டுக் கரண்டிலேயே நேரத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். அணைத்தால் இந்தப் பேட்டரியை நம்பித்தான் இருக்கும். விடியும்போது தேதியும் அமைப்புகளும் அழிந்துபோகின்றன. சில பழைய மதர்போர்டுகள் இந்த நிலையில் காலையில் எழுந்திருக்கவே திணறும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது, அதுவும் உங்களுக்கு நடந்திருக்கும். பேட்டரி மலிவுதான், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. கம்ப்யூட்டர் ஒழுங்காக விண்டோஸுக்குள் போகும் ஒரு நாளில், தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸ் என்ற, விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புப் பக்கங்களுக்குள் போய், சாட்டா என்று எழுதியுள்ள பக்கத்தை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் டிஸ்க்கோடு பேசும் முறையாக அங்கே ஐடிஇ அல்லது ஏஎச்சிஐ என்று இருக்கும். பேட்டரி மாற்றிய பின் அது மாறிப்போனால் விண்டோஸ் 7 நீலத் திரை காட்டி நின்றுவிடும். பலர் அதைப் பார்த்துப் பயந்து விண்டோஸையே அழித்துப் போட்டு, படங்களையும் சேர்த்து இழந்திருக்கிறார்கள். பழையபடி மாற்றி வைத்தாலே போதும்.

ஒருவேளை நம் லாக் விளக்கு அசைந்து, 'நோ சிக்னல்' என்ற எழுத்தும் இல்லாமல் திரை வெறும் கறுப்பாக இருந்தால், அறை விளக்கை அணைத்து டார்ச்சைத் திரையில் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கு போயிருக்கிறது. அதையும், மானிட்டரைத் திறந்து பார்ப்பதையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். நம் வீட்டு 230 வோல்ட் உள்ளே போய் 300 வோல்ட்டுக்கு மேல் கெபாசிட்டர் என்ற, மின்சாரத்தைச் சேமிக்கும் பாகத்தில் தேங்கி நிற்கும், பிளக்கை உருவிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். பவர் சப்ளை பெட்டிக்கும் இதே விதிதான். அதைத் திறக்கவே வேண்டாம்.

கேபிள், ரேம், பேட்டரி மூன்றும் பார்த்த பிறகும் காலையில் அதே கதை என்றால், வேறு நல்ல பவர் சப்ளை ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் சரியாகாவிட்டால்தான் மதர்போர்டு என்ற பேச்சுக்கு இடம். மானிட்டர் மாற்ற வேண்டி வந்தால் விஜிஏ துளை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். எச்டிஎம்ஐ என்ற புதிய வகைத் துளை மட்டுமே உள்ள மானிட்டரைக் கொடுத்து, 'ஒரு கன்வெர்ட்டர் போட்டால் போதும்' என்பார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றுவது, உங்களுக்கு அது வேலை செய்யாது. விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது வேண்டும் என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள். அந்த வகை கன்வெர்ட்டர் யுஎஸ்பியிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளும், அதற்கென ஒரு சின்ன வயர் அதில் தொங்கும்.