சிகரம் முதலிலா, நடைப்பயணம் முதலிலா? ஆண்டிஸ் செல்லும் நண்பர்களுக்கு

கேள்வி: நண்பர்கள் நால்வர் ஜூலையில் பெரு நாட்டின் கோர்டில்லேரா பிளாங்கா மலைத்தொடருக்குச் செல்கிறோம். லிமாவில் இறங்கியதிலிருந்து பத்து நாட்கள் கையில் உள்ளன. உடலில் தெம்பு இருக்கும்போதே 5,752 மீட்டர் உயரப் பிஸ்கோ சிகரத்தை ஏறி முடித்துவிட்டு, பிறகு சாந்தா குரூஸ் பள்ளத்தாக்கில் நிதானமாக நடக்கலாமா? எங்களில் ஒருவருக்கு முன்பு 3,500 மீட்டரிலேயே தலைவலியும் வாந்தியும் வந்திருக்கின்றன.

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் சரியானது, மே முதல் செப்டம்பர் வரை அங்கு வறண்ட பருவம். வரிசையைத்தான் மாற்ற வேண்டும். பிஸ்கோ உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அந்தக் குறைவை ஈடுகட்ட உடல் மூச்சை வேகப்படுத்துகிறது. அதனால் இரத்தத்தில் ஏறும் காரத்தன்மையைச் சிறுநீரகங்கள் சரிசெய்யச் சில நாட்களாகும். கால்களில் எவ்வளவு வலு இருந்தாலும் இந்த நாட்களைக் குறைக்க முடியாது.

லிமா கடலோர நகரம். அங்கிருந்து பேருந்தில் சுமார் எட்டு மணி நேரத்தில் சேரும் உவாராஸ் 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே மூன்று இரவுகள் தங்குங்கள். பகலில் 3,700 மீட்டர் அளவிலுள்ள வில்காகோச்சா ஏரிக்கும், உடல் இடம் கொடுத்தால் 4,450 மீட்டர் அளவிலுள்ள சுரூப் ஏரிக்கும் ஏறிவிட்டு, உறங்க நகருக்கே திரும்பிவிடுங்கள். அடுத்து, காஷாபம்பாவில் தொடங்கும் நான்கு நாள் சாந்தா குரூஸ் நடை. 4,750 மீட்டர் புந்தா யூனியன் கணவாயைக் கடந்து மீண்டும் தாழ்ந்த முகாமில் உறங்குவதால், பிஸ்கோவுக்கு இதைவிட நல்ல ஆயத்தம் கிடையாது. பிறகு ஒரு நாள் ஓய்வு, சிகரத்துக்கு மூன்று நாள், வானிலைக்கென ஒரு நாள் என்று கூட்டிப் பார்த்தால் பத்து நாட்கள் போதா. பதினான்கு நாட்கள் ஒதுக்க முடியாவிட்டால், இம்முறை பிஸ்கோவை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன்.

உங்கள் நண்பரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. முன்பு உயர நோய் கண்டவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு கூடுதல். புறப்படுமுன் மருத்துவரிடம், உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே எல்லோரும் கொடுக்கும் கோகா இலைத் தேநீர் குடிக்க இதமானது. ஆனால் அது மருந்துக்கு ஈடாகாது.

நண்பர்கள் குழுவில் பெரிய ஆபத்து, மற்றவர்களின் பயணம் கெட்டுவிடுமே என்று ஒருவர் தலைவலியை மறைப்பது. ஆகவே முகாமில் மாலைதோறும் ஒருவரையொருவர் சோதியுங்கள்: தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலும் கால்விரல்களும் தொட்டபடி அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால் நுரையீரலில் கோத்திருக்கலாம். இரண்டிலும் விடியும்வரை காத்திருக்காமல் உடனே, துணையோடு, கீழே இறக்க வேண்டும். வெறும் தலைவலியும் குமட்டலும் என்றால், அவை தீரும்வரை மேலே போகாமல் அங்கேயே தங்குங்கள்.

பிஸ்கோவில் நள்ளிரவுக்குப் பின் கிளம்பி, வெயிலில் பனி இளகுமுன் திரும்ப வேண்டும். பனியாற்றை அடையுமுன், தலைவிளக்கு வெளிச்சத்தில் ஆட்டங்காணும் பாறைக்குவியல்களில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். களைத்துத் திரும்புகையில் அதே இடம் இன்னும் கடினம். கிராம்பானும் (காலணியில் மாட்டும் இரும்பு முட்கள்) பனிக்கோடாரியும் பழகாத நால்வருக்கு ஒரே வழிகாட்டி போதாது. சர்வதேசச் சான்று பெற்ற வழிகாட்டிகள் இருவரை அமர்த்தி, ஒரு வழிகாட்டியும் இருவரும் ஒரே கயிற்றில் இணைந்த இரண்டு குழுக்களாகப் பிரிந்து ஏறுங்கள். ஒருவர் இறங்க நேர்ந்தால் எந்த வழிகாட்டி உடன் இறங்குவார், மற்ற மூவரும் மேலே தொடர்வார்களா என்பதை உவாராஸில் பணம் கட்டும்போதே பேசி முடித்துவிடுங்கள்.