போற பிள்ள – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

எனக்கு ஊரு தக்கலை பக்கம். நர்சிங் முடிச்சு நாலு வருஷம் நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாத்தேன். இப்பம் இங்கிலாந்துல வேலை கெடச்சு விசாவுக்கான காரியம் எல்லாம் நடந்துட்டு இருக்கு, ஓணம் கழிஞ்சு கெளம்பணும். பழைய வேலைய விட்டு ஒரு மாசம் ஆச்சு. இந்த ரெண்டரை மாசம் வீட்டுல எல்லாரோடயும் சந்தோஷமா இருக்கணும்னு தான் சீக்கிரமே ரிசைன் பண்ணினேன், ஆனா அது நடக்க மாட்டேங்குது. அம்மா ஒரு பாத்திரம் கழுவ விடமாட்டாங்க, ‘போற பிள்ள, நீ ஏன் செய்யுத’ன்னு கையில இருந்து வாங்கி வச்சிருவாங்க. தினம் ஒரு சொந்தக்காரங்க வீட்டுல சாப்பாடு. ஜங்ஷனுக்கு போனா எல்லாரும் ‘எப்பம் போற’ன்னு தான் கேக்காங்க. கிணறு, கோழிக்கூடு, அம்மா தினமும் மீன் வெட்டுறதுன்னு எல்லாத்தையும் போன்ல வீடியோ எடுத்து வைக்கேன், ராத்திரி அதை போட்டுப் பாத்தா நான் ஏற்கெனவே போயிட்ட மாதிரி இருக்கு, அழுகை வருது. முன்ன டியூட்டி முடிஞ்சு வரும்போ அப்பா ராத்திரி எட்டரைக்கு பஸ் ஸ்டாப்புல பைக்கோட நிப்பாங்க, அந்த நாள் தான் நல்லா இருந்துதுன்னு தோணுது. நீங்களும் வெளிநாடு போய் வந்தவர்னு எழுதியிருந்தீங்க, அதான் கேக்கேன். கெளம்புறதுக்கு முந்தின மாசங்களை எப்படி கழிச்சீங்க? என்னெல்லாம் கொண்டு போனீங்க? பெயர் போடாண்டாம்.

அன்புள்ள தங்கச்சி,

உங்க கடிதத்தை ரெண்டு தடவை வாசிச்சேன். அந்த ‘போற பிள்ள’ங்கிற வார்த்தையிலயே நின்னுட்டேன். எங்க வீட்டுல அது ‘போற பய’. போற பய ஏன் வெறகு தூக்கணும், போற பய நல்லா தூங்கட்டும், போற பயலுக்கு பெரிய மீன் கண்டம் வை. 22 வருஷம் ஆனாலும் அம்மா அதை சொன்ன மாதிரியே இப்பமும் காதுல கேக்குது.

எனக்க வீடு குலசேகரம் பக்கம். ஒரு ஏக்கர் ரப்பர், நூத்தி எழுபது மரம், அதுல தான் நாங்க மூணு பிள்ளைகளும் படிச்சது. 2003 ஜனவரியில எனக்கு குவைத் விசா வந்துது. பணத்தை ஒரு ஏஜென்ட் கையில குடுத்துட்டு, ‘அடுத்த வாரம் அடுத்த வாரம்’னு அவரு எட்டு மாசம் நடத்தின பிறகு வந்த விசா, அதனால வீட்டுல அண்ணைக்கு இருந்த சந்தோஷத்தை உங்களுக்கு சொல்லி புரிய வைக்காண்டாம். பிப்ரவரி முழுக்க காலையில புட்டும் பயறும் பப்படமும், மத்தியானம் மீனு, ராத்திரி கோழி. சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு, மைனி வீடுன்னு எல்லா இடத்துலயும் விருந்து. ஒரு வேன் பிடிச்சு குடும்பத்தோட கன்னியாகுமரி போனோம், திருவள்ளுவர் சிலை தொறந்து அப்பம் மூணு வருஷம் தான் ஆகியிருந்துது, எங்க அம்மா அண்ணைக்கு தான் முதல்தடவை பாக்கா. வர்ற வழியில மாத்தூர் தொட்டிப்பாலம். ஒரு கேமரா இரவல் வாங்கி ஒரு ரோல், 36 போட்டோ. அந்த போட்டோ எல்லாம் இப்பமும் அலமாரியில இருக்கு, எல்லாரும் புதுச்சட்டை போட்டு நேரா நிக்கோம். ஆனா தங்கச்சி, அண்ணைக்கு நாங்க என்ன பேசினோம், யாரு சிரிச்சா, எங்க வச்சு சாப்பிட்டோம், ஒண்ணு கூட எனக்கு ஞாபகம் இல்ல. ஃபோட்டோவை பாத்து தான் நாங்க போனது தெரியும்.

டிக்கெட் மார்ச் 24-க்கு. 20-ம் தேதி ஈராக்ல போர் தொடங்கிச்சு. குவைத் அதுக்கு பக்கத்து நாடு, கம்பெனில இருந்து ஃபோன் வந்துது, இப்பம் வராண்டாம், சொல்லும்போது வந்தா போதும்னு. அந்த ‘சொல்லும்போது’ ஆகஸ்ட்ல தான் வந்துது. அஞ்சு மாசம்.

முதல் வாரம் அம்மா அதே மாதிரி தான் கவனிச்சா. பிறகு மெல்ல கோழி நின்னுது, பிறகு மீன் பழையபடி வாரத்துல மூணு நாள் ஆச்சு, பிறகு ஒருநாள் காலையில ‘லே, மண்ணெண்ணெய் தீந்துட்டு, ரேஷன் கடைக்கு போ’ன்னு கேனை தூக்கி கையில குடுத்தா. எனக்கு அப்பம் மனசு கஷ்டமா தான் இருந்துது. ஜங்ஷன்ல ‘எப்பம் போற’ன்னு கேட்டவங்க எல்லாம் இப்பம் ‘இன்னும் போவலியா’ன்னு கேக்க தொடங்கினாங்க. அதை கேக்க முடியாம நான் சானல்கரை வழியா சுத்தி போவேன், ரெண்டு மைல் கூடுதல் நடை. ஆனா இப்பம் திரும்பி பாக்கும்போ, ஊருல நான் கழிச்ச நாளுல என் கையில மிச்சம் இருக்கது அந்த அஞ்சு மாசம் தான். அதுக்கு முந்தின விருந்து மாசம் எங்க போச்சுன்னே தெரியல.

ரப்பர் மரம் தை மாசி வாக்குல இலை உதிரும், தளிர் வந்து இலை முத்தின பிறகு தான் பால் வெட்டு தொடங்குவாங்க. அந்த வருஷம் வெட்டு தொடங்கும்போ அப்பா என்னட்ட சொன்னது ஒரே வரி, ‘சும்மா தான இருக்க, காலையில எழும்பி வா.’ சின்ன வயசுல இருந்து பால் எடுக்க, ரப்பர் ஷீட் காயப்போட எல்லாம் போயிருக்கேன், ஆனா கத்தியை அவரு யாரு கையிலயும் குடுத்தது இல்ல. நாலரை மணி இருக்கும், நெத்தியில லைட்டை கட்டிட்டு அவரு முன்ன போவாரு, நான் பின்ன. முதல்ல பழைய வெட்டுல காஞ்சு ஒட்டியிருக்க ஒட்டுபாலை ஒரே இழுப்புல நூல் மாதிரி உரிச்சு எடுத்து மடியில போடணும். பிறகு கத்தியை சரிவா வச்சு இழுக்கணும், தோலு மெல்லிசா சுருண்டு விழும், விழுந்த உடனே பால் வராது, ஒரு மூச்சு விடுற நேரம் கழிச்சு வெள்ளைப் புள்ளி புள்ளியா பொடிச்சு பிறகு ஒண்ணா சேந்து ஓடும். முதல் சொட்டு சிரட்டையில விழுற சத்தம் அந்த இருட்டுல நல்லா கேக்கும். அடியில கொஞ்சம் பால் நெறஞ்சா பிறகு சத்தம் இருக்காது.

மூணாவது நாள் கத்தியை என் கையில குடுத்தாரு. ‘அழுத்தாத மக்களே, தோலு தான் நமக்கு வேணும், உள்ள இருக்க தடியில பட்டா பிறகு அங்க தோலு நேரா வளராது.’ நான் அழுத்திட்டேன். மூணு மரத்துல. அவரு ஏசல, கத்தியை வாங்கி நாலாவது மரத்துல எப்படி வைக்கணும்னு என் கையை பிடிச்சு காட்டினாரு. எனக்கு அப்பம் 24 வயசு, விவரம் தெரிஞ்ச பிறகு அப்பா என் கையை பிடிச்சது அண்ணைக்கு தான்னு நினைக்கேன்.

ஷீட் அடிக்கிற கொட்டகை ஒண்ணு வீட்டுக்கு பின்ன உண்டு. ஆசிட் விட்டு டிஷ்ல உறையவச்ச பாலை எடுத்து பலகையில போட்டு கையால அமுக்கி தண்ணி போக்கி, மெஷின்ல விடணும். நான் கைப்பிடியை சுத்த, அப்பா ஷீட்டை பிடிச்சு உள்ள விடுவாரு. அப்படி ஒருநாள் மழை, மே கடைசியோ ஜூனோ, சுத்திட்டே இருக்கேன், அவரு ஷீட்டுல இருந்து கண்ணை எடுக்காம சொல்லுதாரு, ‘எனக்கும் ஒரு தடவை விசா வந்துதுலே.’ 1979-ல. மஸ்கட்டுக்கு. பேப்பரு வந்து, நாள் குறிச்சு, எல்லாம் ஆச்சு, அப்பம் எனக்க பாட்டி படுத்த படுக்கை ஆனா, இவரு போவல. அவ்வளவு தான் சொன்னாரு, அடுத்த ஷீட்டை எடுத்துட்டாரு. ராத்திரி தகரப்பெட்டிய தொறந்து, பத்திரத்துக்கு அடியில இருந்து அந்த பாஸ்போர்ட்டை எடுத்து காட்டினாரு, அட்டை நெறம் மங்கி, ஃபோட்டோல பெரிய கிருதா வச்சு மெலிஞ்ச ஒரு பையன், உள்ள எல்லா பக்கமும் வெள்ளை. ஒரு சீல் கூட இல்ல. நான் பொறந்ததே அந்த வருஷம் தான். அந்த காலம் முழுக்க எங்க யாரட்டயும் அவரு இதை சொன்னதில்ல. பிப்ரவரியில நான் மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்குள்ள உக்காந்திருந்தப்பம் சொல்லல, வேனுல பக்கத்துல உக்காந்து கன்னியாகுமரி போனப்பமும் சொல்லல. பக்கத்துல நின்னு மெஷின் சுத்துறவன்ட்ட தான் சொன்னாரு.

அதனால தங்கச்சி, உங்களுக்கு நான் சொல்லுறது ஒண்ணே ஒண்ணு தான். வீட்டுல விருந்தாளியா இருக்காதீங்க, எப்படியாவது வேலை கேட்டு வாங்குங்க. அம்மா தரமாட்டாங்க, அது எனக்கும் தெரியும். அவங்களுக்கு உங்களுக்கு செஞ்சு குடுக்க நாள் எண்ணி தான் இருக்கு, அதை நான் குத்தம் சொல்லல. இப்பம் ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரைக்கும் நம்ம மேற்கு கடல் பக்கம் விசைப்படகு போவக்கூடாது, தடைகாலம். கொளச்சல்ல வள்ளத்துக்காரங்க கொண்டு வர்ற மீன் தான், அதுவும் மழைக்கடல்ல. இந்த நேரத்துல மீனுக்கு என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். அப்படி இருந்தும் உங்க வீட்டுல தினமும் மீன் வெட்டுறாங்கன்னா அம்மா வேற எதையோ குறைச்சு தான் அதை வாங்குறாங்க. ஒருநாள் நீங்களே சொல்லுங்க, மீன் வேண்டாம், சக்கைக்கொட்டையும் மாங்காயும் போட்டு ஒரு கறி போதும், நான் வைக்கேன், நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்கன்னு. உப்பு கூடட்டும், பரவாயில்ல. வீடியோ எடுக்காண்டாம்னு நான் சொல்லமாட்டேன், அங்க போன பிறகு அது வேணும். ஆனா போனை எங்கயாவது சாத்தி வச்சுட்டு நீங்களும் அருவாமனைக்கு முன்ன உக்காருங்க. நீங்க இல்லாத வீட்டை மட்டும் எடுத்து வச்சு பாத்தா அழுகை தான் வரும்.

‘எப்பம் போற’ன்னு கேக்கவங்களுக்கு தேதியை சொல்லிருங்க. சானல்கரை வழியா எல்லாம் சுத்தாண்டாம். அவங்களுக்கு உங்கட்ட பேச வேற ஒண்ணும் தெரியல, அவ்வளவு தான்.

கொண்டு போற சாமான் பத்தி கேட்டீங்க. இங்கிலாந்துக்கு இங்க இருந்து இறைச்சியும் பால் சாமானும் கொண்டு போவக்கூடாது, அதனால அத்தை பாசமா வறட்டி தர்ற மாட்டிறைச்சியை வாங்கி பிறகு ஏர்ப்போர்ட்ல களைய வேண்டி வரும், முன்கூட்டியே சொல்லிருங்க. மீன் ஊறுகாய், கருவாடு கொண்டு போவலாம், நல்லா கட்டணும். சர்டிபிகேட் ஒரிஜினல் எல்லாம் கைப்பையில தான், பெட்டியில போடாதீங்க. பேங்க்ல இருக்க சாதாரண சேவிங்ஸ் கணக்கை என்.ஆர்.ஓ கணக்கா, அதாவது வெளிநாட்டுல இருக்கவங்களுக்கான கணக்கா மாத்த சொல்லி எழுதி குடுக்கணும், நெறைய பேரு அதை மறந்துருவாங்க. அங்க போய் பாஸ் ஆக வேண்டிய நர்சிங் பரீட்சைக்கு தினம் ஒரு மணி நேரம் படிங்க, அந்த ஒரு மணி நேரம் வீட்டுல உங்களை யாரும் விருந்துக்கு கூப்பிட முடியாது, அதுவும் நல்லது தான்.

எனக்க பெட்டியை நாங்க எடை போட்டது குலசேகரத்துல ஷீட் கடையில. டிக்கெட்ல 20 கிலோ தான், அம்மா முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் தேங்காண்ணெயும் வச்சு வச்சு பெட்டி மூட முடியல, வீட்டுல தராசு இல்ல, அதனால அப்பா அதை சைக்கிள்ல கட்டி ஷீட் கடைக்கு கொண்டு போனாரு. ஷீட்டை தூக்குற அதே கொக்கியில பெட்டியை மாட்டினோம். இருபத்தி நாலு. கடைக்காரர் பழக்கத்துல பில் புக்கை எடுத்து தேதி போட்டு அப்பா பேரை எழுதி 24 கிலோன்னு எழுதிட்டாரு, பிறகு தான் நிமிந்து பெட்டியை பாத்தாரு. யாரும் ஒண்ணும் பேசல. அப்பா அந்த சீட்டை வாங்கி சட்டைப்பையில வச்சுக்கிட்டாரு. கடை வாசல்லயே பெட்டியை தொறந்து நாலு கிலோ எடுத்தோம், தேங்காண்ணெயும், ரெண்டு புக்கும், ஒரு போர்வையும். ராத்திரி களியக்காவிளை வழியா திருவனந்தபுரம் போய் சங்குமுகம் ஏர்ப்போர்ட்ல ஏறினேன், அதை பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, எல்லாரும் அழுதோம்.

லீவுக்கு வரும்போ எல்லாம் அந்த மூணு மரத்தை போய் பாப்பேன். நான் அழுத்தின இடத்துல முண்டு முண்டா தோலு வளந்து கெடந்துது. 2015-ல நான் ஊரோட திரும்பி வந்த பிறகும் மரம் நின்னுது, பிறகு வயசாகி முறிச்சு புதுசு நட்டாச்சு. அப்பாவுக்கு இப்பம் முட்டுக்கு முடியல, இருந்தாலும் மழை பெய்யுதான்னு பாக்க நாலரைக்கு எழும்பி முத்தத்துக்கு வந்துருவாரு.

ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன். டியூட்டி விட்டு வரும்போ அப்பா எட்டரைக்கு பைக்கோட நிப்பாங்கன்னு எழுதியிருக்கீங்க. நாலு வருஷம் நின்ன ஆளு. இப்பம் டியூட்டி இல்ல, அந்த எட்டரைக்கு அவரு என்ன செய்யுதாருன்னு நீங்க எழுதல. இண்ணைக்கு ராத்திரி கொஞ்சம் கவனிச்சு பாருங்க, வெளிய வந்து நிப்பாரு, இல்லன்னா வண்டியை துடைச்சிட்டு இருப்பாரு. பின்ன ஏறி உக்காந்து தக்கலை ஜங்ஷன் வரைக்கும் போயிட்டு வாங்க. பால் பாக்கெட் வாங்கணும்னு சொன்னா போதும்.

அன்புடன்,
அண்ணன்