கடல்நீர்த் தொட்டியில் கல்லோடு வந்த தெரியாத உயிரைக் கொன்றுவிடலாமா?

கொல்ல வேண்டாங்க. குறைந்தது இன்றைக்கு வேண்டாம்.

பழுப்பு நிறம், இரண்டு பக்கமும் முடி முடியாக, டார்ச் வெளிச்சம் பட்டதும் கல் பொந்துக்குள் சர்ரென்று இழுத்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் பிரிஸ்டில் வார்ம் என்ற கடல் புழு. பார்வைக்குக் கம்பளிப்பூச்சி மாதிரி. மீன் தின்றது போக மிச்சம் விழும் தீனி, செத்து ஒதுங்கியது, இதெல்லாம்தான் அதற்குச் சாப்பாடு. வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள். முடி தோலில் ஏறி எரியும். ஏறிவிட்டால் தேய்க்காமல் கம் டேப்பை ஒட்டி இழுத்து எடுங்கள், அப்புறம் வினிகர் தடவுங்கள்.

தொட்டி வைத்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். சேலினிட்டி (தண்ணீரின் உப்பளவு), அம்மோனியா எல்லாம் சரிக்கு வந்து, மீன் விட்டு, அப்பாடா என்று உட்கார்ந்த நேரத்தில் ராத்திரி இது கண்ணில் பட்டிருக்கும். உடனே போனில் தேடியிருப்பீர்கள். வந்த முதல் படமே மணலுக்குள்ளிருந்து பாய்ந்து மீனைக் கவ்வும் முழ நீளப் புழுவாக இருந்திருக்கும். அந்த ராத்திரி எனக்கும் வந்தது. அன்று நான் செய்தது தவறு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்குத் திருப்பூர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. 2019-இல் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி வைத்தேன், சுமார் 190 லிட்டர். கோயம்புத்தூரில் ஒருவர் தொட்டியைக் கலைக்கிறார் என்று கேள்விப்பட்டு அவரிடம் 18 கிலோ கல் வாங்கி வந்தேன். உடனே ‘பவளப்பாறையை உடைத்து விற்கிறவனுக்கு ஆதரவா’ என்று யாராவது கேட்பீர்கள். அது சிமெண்டும் கிளிஞ்சல் தூளும் கலந்து வார்த்த கல். அவர் தொட்டியில் ஆறு வருடம் ஊறி, ஊதா நிறப் பாசி ஏறிய கல். பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன, கடல் அட்டையும் கடல் குதிரையும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா. அங்கிருந்து கல் எடுத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். என் தொட்டியில் பவளம் கிடையாது. மீன், நத்தை, கல், அவ்வளவுதான்.

கல் வந்து இரண்டாவது வாரம், அம்மா காலையில் காபி கொடுக்கும்போது சொன்னார்: “சாமி, ராத்திரி முச்சூடும் அந்தக் கண்ணாடித் தொட்டிக்குள்ள யாரோ சொடக்குப் போடறாங்க.” அம்மா ஹாலில்தான் படுப்பார். மோட்டார் சத்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த பத்து நாளில் நத்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அப்புறம் கோபி மீன் ஒன்றும் போனது. ஒரு நாள் ராத்திரி 11 மணிக்குப் பார்த்தால், நத்தை ஓட்டுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு ஒரு பிரிஸ்டில் வார்ம் தின்றுகொண்டிருக்கிறது. படம் எடுத்து ஒரு குழுவில் போட்டேன். ‘இதுதான் கொலைகாரன், ஒன்று விடாமல் எடு’ என்று பதில் வந்தது.

எடுத்தேன். பழைய பேனாக் குழாயில் இறால் துண்டு வைத்து ராத்திரி உள்ளே போட்டால் காலையில் நாலைந்து புழு இருக்கும். ஒரு வாரத்தில் முப்பதுக்கு மேல் போயிருக்கும். அதன் பிறகு மணல் சாம்பல் நிறமாக மாறியது. கல்லில் முடிப்பாசி ஏறியது. தண்ணீரில் கழிவு சேர்வதைக் காட்டும் நைட்ரேட் 10-இலிருந்து 40-க்குப் போனது. மிச்சத்தைத் தின்று சுத்தம் செய்துகொண்டிருந்த வேலையாட்களை நானே துரத்தியிருக்கிறேன். நத்தையும் செத்துக்கொண்டேதான் இருந்தது.

கடைசியில் என் மகள்தான் கண்டுபிடித்தாள். அப்போது அவள் ஆறாவது. மணல் மேல் கிடந்த வெள்ளைத் துணுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்து, “அப்பா, ஓடு ஏன் ஒடஞ்சிருக்குது?” என்றாள். கையில் வாங்கிப் பார்த்தேன். நத்தை ஓட்டின் வாய் விளிம்பு. மூன்று இடத்தில் பிறை பிறையாகப் பெயர்ந்து, உடைந்த ஓரம் பிளேடு போலக் கூர்மையாக இருந்தது. எவ்வளவு பெரிய புழுவானாலும் ஓட்டை உடைக்காது. கம்பெனியில் துணியில் ஓட்டை வந்தால், ஊசியால் வந்ததா, நூல் அறுந்து வந்ததா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது என் தினப்படி வேலை. அதே கண்ணை வீட்டில் திறக்காமல் இருந்தேனே என்று அன்று மனசு கேட்கவில்லை. புழு தின்றது செத்த நத்தையை. கொன்றது வேறு ஒன்று.

சொடக்குச் சத்தம் என்றாலே, அடித்து ஓட்டை உடைக்கும் மாண்டிஸ் இறால் என்று முடிவு கட்டவும் கூடாது. பிஸ்டல் இறாலும் சொடுக்கும். ஒரு கொடுக்கை வேகமாக மூடித் தண்ணீரில் குமிழி உண்டாக்கி வரும் சத்தம் அது. பெரும்பாலும் தொந்தரவு இல்லாத பிராணி, கோபி மீனோடு ஒரே வளையில் குடியிருக்கும் வகையும் உண்டு. சத்தத்தோடு உடைந்த ஓடும் கிடந்தால்தான் மாண்டிஸ் மேல் சந்தேகம் வர வேண்டும். டார்ச்சுக்குச் சிவப்பு ஜிகினாத் தாளைக் கட்டி நாலு ராத்திரி உட்கார்ந்தேன். நாலாவது ராத்திரி, இடது பக்கக் கல்லில் சுண்டுவிரல் அளவு பொந்தில், காம்பு மேல் இரண்டு கண். ஒன்று என்னைப் பார்க்கிறது, இன்னொன்று மீனைப் பார்க்கிறது. இரண்டும் தனித்தனியாகச் சுழல்கின்றன. எனக்குப் பேச்சே வரவில்லை.

குழுவில் ஒருவர் ‘கல்லைக் கொதிக்க வை’ என்றார். இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். கல்லில் ஒட்டி வளரும் சோவாந்திட், பாலித்தோவா என்ற கடல் உயிர்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடுமையான விஷம் இருக்கும். அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைத்து, ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. நான் செய்தது இதுதான்: பொந்து இருந்த கல்லை மட்டும் தனி வாளிக்கு மாற்றினேன். சேலினிட்டியை 1.040-க்கு ஏற்றிய தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துப் பொந்துக்குள் அடித்தேன். மூன்றாவது தடவை வெளியே வந்துவிட்டது. கரும்பச்சை, நாலு சென்டிமீட்டர் இருக்கும். ஓடு உடைக்கும் வகையில் மயில் மாண்டிஸ் என்று ஒன்று உண்டு. அதன் அடி விநாடிக்கு 20 மீட்டருக்கு மேல் வேகம். என்னுடையது சின்னதுதான், ஆனாலும் கை வைக்கவில்லை, கப்பில் எடுத்தேன்.

தண்ணீர் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பளவு, 2000-க்குக் கீழே நான் பார்த்ததில்லை. வருடத்துக்கு இரண்டு முறை ஆர்ஓ மெம்பிரேன் மாற்றி அந்த உப்பையெல்லாம் எடுத்துவிட்டு, அப்புறம் கடல் உப்பு கலக்கிறேன். சாயம் ஏற்ற மூட்டை மூட்டையாக உப்புப் போட்டு, கழிவை நொய்யலில் விட்ட காலத்தின் மிச்சம் இது. அதே நொய்யல் மேல் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் விவசாயத்துக்காகக் கட்டியது. அதற்குக் கீழே என் மாமா தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை மாடு வாயில் வைக்காது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் எல்லோரும் பேசினார்கள். எனக்குச் சோறு போடுவதும் அந்தத் தொழில்தான், தெரிந்தேதான் சொல்கிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். ஆனால் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வருகிறவர்கள் ‘ஆர்ஓ எதற்கு’ என்று பாடம் எடுக்கும்போது கோபம் வருகிறது.

சரி, உங்கள் கல்லுக்கு வருகிறேன். கண்ணாடியில் ஓடும் அரிசி அளவுப் பூச்சிகள் ஆம்பிபாட், அவை மீனுக்குத் தீனி. தட்டையாக நகரும் நத்தை ஸ்டோமடெல்லா, நல்லது. நான் உண்மையில் பயப்படுவது ஐப்டேசியா என்ற கடல் சாமந்திக்குத்தான். கண்ணாடி மாதிரி பழுப்புத் தண்டு, உச்சியில் விரல் விரலாக விரிந்திருக்கும். கிள்ளினால் விழும் ஒவ்வொரு துணுக்கும் புதிதாக முளைக்கும். பெப்பர்மின்ட் இறால் தின்னும். இல்லையென்றால் கால்சியம் ஹைட்ராக்சைடைக் குழைத்து சிரிஞ்சால் அதன் வாயில் வையுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பச்சைக் கோலிக்குண்டு மாதிரிப் பாசி இருந்தால் உடையாமல் கழற்றுங்கள். நகம் கருத்த, முடி நிறைந்த நண்டு இருந்தால் வெளியே எடுங்கள். எதை எடுத்தாலும் குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள்.

நிபுணர் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு தொட்டி வைத்தவன் அனுபவம் இது. நீங்கள் போட்டிருக்கும் படம் நீல விளக்கில் எடுத்தது, எல்லாமே ஊதாவாகத் தெரிகிறது. வெள்ளை விளக்கைப் போட்டு, கண்ணாடிக்கு வெளியே ஒரு ஸ்கேல் வைத்து இன்னொரு படம் போடுங்கள். மணலில் ஓட்டுத் துணுக்கு கிடந்தால் அதையும் எடுங்கள். புழுவின் முடி கற்றை கற்றையாக வெள்ளையாக, அடர்த்தியாக இருக்கிறதா, இல்லை மெல்லிசாக இருக்கிறதா என்று அதில் பார்த்துவிடலாம். மெல்லிசு என்றால் அதை விட்டுவிடுங்கள்.

என் மாண்டிஸ் இப்போது தனியாக 20 லிட்டர் அக்ரிலிக் தொட்டியில் இருக்கிறது. மகள்தான் இறால் துண்டு போடுகிறாள். அவள் கை நிழல் விழுந்ததும் பொந்துக்குள்ளிருந்து இரண்டு சொடக்கு வரும்.