அப்பாவின் மெல்லிய வாட்ச்: ஏஜென்ட்டிடம் கொடுக்கலாமா?

கேள்வி: மறைந்த அப்பாவின் சுவிஸ் வாட்ச், சாவி கொடுப்பது, மிக மெல்லியது. சேலத்தில் ஓடுகிறது, ஏற்காடு எஸ்டேட்டுக்குப் போனால் நின்றுவிடுகிறது. கண்ணாடிக்குள் ஆவியும் படிகிறது. ஒரு ஏஜென்ட், "மெஷின் போய்விட்டது. இதோடு 15,000 ரூபாய் கொடுங்கள், இதைவிட மெல்லிய சுவிஸ் ஆட்டோமேட்டிக் தருகிறேன்" என்கிறார். 1.65 மி.மீ. வாட்ச்சே வந்துவிட்டது என்று போனில் படமும் காட்டினார். கொடுக்கலாமா? – வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: கொடுக்காதீர்கள். போன மெஷின் சேலத்திலும் ஓடாது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிய பிறகு பார்த்துப் போகுமா?

உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிரிங்தான் வாட்ச்சுக்குச் சோறு. மெஷின் மெலிந்தால் ஸ்பிரிங்கின் அகலமும் குறையும், இழுவையும் குறையும். எண்ணெய் பிசுபிசுத்துப் போனாலும் தடித்த வாட்ச் எப்படியோ தள்ளிக்கொண்டு ஓடும்; மெல்லியது முக்கி நின்றுவிடும். மலைக் குளிரில் அந்தப் பழைய எண்ணெய் இன்னும் இறுகும். ஆவி படிவதைத்தான் அலட்சியம் செய்யக் கூடாது. அந்தக் காலத்து மெல்லிய கேஸ்களில் பின்மூடியை அழுத்தி மாட்டியிருப்பார்கள். ஈரத்தைத் தடுக்க ரப்பர் வளையம் பெரும்பாலும் இராது. பனிமூட்டம் உள்ளே போனால் துருதான். சர்வீஸ் முடியும்வரை சாவி கொடுக்காதீர்கள்.

இனி ஏஜென்ட் சங்கதி. ஆட்டோமேட்டிக் என்றால் கையசைவில் சுழலும் எடைத் தகடு வேண்டும். அதுவே தடிமனைக் கூட்டும். சுவிஸ் வாட்ச் கம்பெனி பியாஜே 1960இல் ஒரு குட்டித் தகட்டை மெஷினுக்குள்ளேயே புதைத்து 2.3 மி.மீ.க்குக் கொண்டுவந்தது பெரிய சாதனை. அந்த வேலைப்பாடு 15,000 ரூபாய்க்கு உங்கள் வீடு தேடி வருமா? வருவது செல் வாட்ச்சாக இருக்கும். அல்லது பெயின்ட் அடித்த டயலுக்குக் கீழே எதையோ பிரித்துக் கோத்த மெஷினாக இருக்கும். டைட்டன் எட்ஜ் 2002இல் 3.5 மி.மீ. தடிமனில் வந்தது, நல்ல வாட்ச், ஆனால் செல்லில் ஓடுவது. மெல்லிய வாட்ச் பலவற்றில் விநாடி முள்ளே கிடையாது, ஆகவே செல் வாட்ச் போல முள் விநாடிக்கு விநாடி குதிக்கிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காதில் வையுங்கள். சாவி வாட்ச் விநாடிக்கு ஐந்தாறு முறை தட்டும்.

அவர் காட்டிய 1.65 மி.மீ., ரஷ்ய வாட்ச் கலைஞர் கான்ஸ்டன்டின் சாய்கின் 2024இல் செய்தது. அதே ஆண்டு புல்காரி கம்பெனி 1.7 மி.மீ.க்கு இறக்கியிருந்தது. அந்தப் பந்தயம் வேறு உலகம். பியாஜேயின் 2 மி.மீ. வாட்ச்சில் பின்மூடிதான் மெஷினின் அடித்தட்டு. தங்கத்தில் செய்தால் வளையும் என்று கோபால்ட் கலவைக்குப் போனார்கள். அந்தப் படத்துக்கும் இவர் பையில் இருப்பதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மெல்லிய மெஷினை ரிப்பேர் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்றும் சொல்வார். அது உண்மையாக இருந்த வாட்ச் ஒன்று உண்டு: 1976இல் வந்த ழான் லசால், மெஷின் 1.2 மி.மீ. சாதாரண மெஷினில் சக்கரத்தின் அச்சை மேலும் கீழும் இரண்டு தட்டுகள் பிடித்திருக்கும். இதில் மேல்தட்டு இல்லை. குட்டி பால் பேரிங்குகள் ஒரே பக்கத்தில் தாங்கின. பிரித்துச் சர்வீஸ் செய்வது பெரும்பாடு என்பதால் முழு மெஷினையே மாற்றினார்கள். உங்கள் டயலில் அந்தப் பெயர் இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் அந்தக் கதை உங்களுக்குப் பொருந்தாது.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒருமுறை ஒரு சென்டரில் ஏழு மாதம் வைத்திருந்து, பாகம் இல்லை என்று அப்படியே திருப்பித் தந்தார்கள். வெளியில் இருக்கும் கைதேர்ந்த மெக்கானிக்குக்கும் பாகம் விற்கமாட்டார்களாம்! அப்புறம் ஏஜென்ட்டுகள் பெருகாமல் என்ன செய்வார்கள்?

பழைய சாவி வாட்ச்சிலேயே கை பழகிய மெக்கானிக்கைத் தேடுங்கள். பின்மூடியை உங்கள் எதிரில் திறக்கச் சொல்லி, மெஷினை எண்ணோடு படம் எடுத்துக்கொண்டு, கூலியை எழுதி வாங்குங்கள். முழுதும் பிரித்துக் கழுவிப் புது எண்ணெய் இடவேண்டும். மூடியைத் திறந்து ஒரு சொட்டு விடுவது சர்வீஸ் அல்ல. பிறகு தினமும் காலையில் சாவி கொடுங்கள், கை தடுக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். பனி இறங்கும் நேரத்தில் மட்டும் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். அதன் பிறகும் மலையில் நின்றால் எழுதுங்கள், ஹேர்ஸ்பிரிங்கை, அதாவது ஆடும் சக்கரத்தைச் சீராக வைக்கும் மயிரிழை ஸ்பிரிங்கை, பார்க்க வேண்டியிருக்கும்.