ஆறு நிமிடக் கணக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எங்கள் பகுதியில் பதினான்கு பேர் சேர்ந்து மூன்று வருடமாக ஒரு குழு நடத்தி வருகிறோம். காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பதைவிட நம்மால் ஆனதைச் செய்வோம் என்று தொடங்கியது. கேட்கிற வீடுகளுக்குப் போய் மின்கட்டண ரசீதுகளை வாங்கிப் பார்த்து, எங்கே வீணாகிறது என்று சொல்வோம். பழைய குண்டு பல்புகளை எல்.இ.டி.க்கு மாற்ற வைத்தோம். கூரையில் சோலார் பேனல் வைக்க நினைப்பவர்களுக்கு விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து எல்லாவற்றுக்கும் கூட நிற்கிறோம். இதுவரை ஒன்பது வீடுகளில் பேனல் ஏறியிருக்கிறது.

போன மாதக் கூட்டத்தில், குழுவிலேயே இளையவரான கல்லூரி மாணவி ஒரு கணக்கைப் போர்டில் எழுதினார். மூன்று வருடத்தில் நாங்கள் மிச்சம் பிடித்தது, பேனல்கள் தந்தது எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் யூனிட். ஆயிரம் மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்று முழு வீச்சில் ஓடினால் அவ்வளவையும் ஆறே நிமிடத்தில் தயாரித்துவிடும். யாரும் எதுவும் பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஏழு பேர்தான் வந்தோம்.

நாங்கள் செய்வதெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்தானா? உங்கள் கருத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் மெகாவாட் என்றால் மணிக்குப் பத்து லட்சம் யூனிட். அதில் பத்தில் ஒரு பங்குக்கு ஆறு நிமிடம். மாணவி சரியாகத்தான் போட்டிருக்கிறார். முதலில் அவர் குழுவை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிடிக்காத எண்ணைத் தைரியமாகப் போர்டில் எழுதுகிற ஒருவர் எந்தக் குழுவுக்கும் தேவை.

இன்னொரு எண்ணையும் சேர்த்துக்கொள்வோம். நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். உங்கள் லட்சம் யூனிட்டும் நிலக்கரி மின்சாரத்துக்குப் பதிலாக வந்தது என்று வைத்துக்கொண்டால், நூறு டன் வாயு காற்றில் கலக்கவில்லை. கலந்திருந்தால் அதில் ஒரு பகுதி பல நூறு வருடங்களுக்கு அங்கேயே இருந்திருக்கும். ஆனால் நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு ஆகியவற்றை எரித்து உலகம் ஒரு வருடத்தில் வெளியேற்றுவது சுமார் 3,700 கோடி டன். அதன் பக்கத்தில் வைத்தால் நூறு டன் கண்ணுக்கே தெரியாது. இதை மறைத்து உங்களைத் தேற்றுவதில் எனக்கு விருப்பம் இல்லை.

சரி, அப்படியானால் என்ன மிஞ்சுகிறது? ஜெர்மனியின் தென்மேற்கில், கருங்காடு மலைப்பகுதியில் ஷோனாவ் என்று ஒரு சிற்றூர். சுமார் இரண்டரை ஆயிரம் பேர்தான். 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது அதன் கதிரியக்கம் காற்றில் அங்கே வரை போய்ச் சேர்ந்தது. குழந்தைகளை வெளியே விளையாட விடலாமா என்று பயந்த பெற்றோர் சிலர் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். ஆசிரியப் பயிற்சி பெற்றவரும் ஐந்து பிள்ளைகளின் தாயுமான உர்சுலா ஸ்லாடெக் அவர்களில் ஒருவர். அணுமின்சாரம் வேண்டாம் என்றால் முதலில் மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். யார் வீட்டில் அதிகம் மிச்சமாகிறது என்று ஊருக்குள் போட்டி வைத்தார்கள். நீங்கள் ரசீதுகளை வாங்கிப் பார்க்கிறீர்களே, ஏறக்குறைய அதே வேலை.

அந்த வருடங்களில் யாராவது உங்கள் மாணவி மாதிரி கணக்குப் போட்டிருந்தால் அவர்களுக்கும் சில நிமிடங்கள்தான் தேறியிருக்கும். ஆனால் மிச்சம் பிடிக்கப் போனவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது. ஊருக்கு மின்சாரம் விற்ற நிறுவனத்துக்கு, மக்கள் குறைவாகச் செலவழிப்பதில் அக்கறையே இல்லை. சேமிப்பவருக்குச் சாதகமாகக் கட்டண முறையை மாற்றச் சொன்னார்கள். நிறுவனம் மறுத்துவிட்டது. அப்படியானால் மின்கம்பிகளை நாமே வாங்கிவிடுவோம் என்று கிளம்பினார்கள். 1991-லும் 1996-லும் ஊரில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. இரண்டாவது முறை வித்தியாசம் மிகக் குறைவு, ஆனாலும் ஜெயித்தார்கள். 1997-ல் ஊரின் மின்வலை ஊர்மக்களே தொடங்கிய நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஜெர்மனியில் மின்சந்தை திறந்துவிடப்பட்டு, யாரிடம் மின்சாரம் வாங்குவது என்பதை மக்களே தேர்ந்துகொள்ள முடிந்த பிறகு, நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு அது மின்சாரம் தருகிறது. உர்சுலாவுக்கு 2011-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

எல்லா ஊரும் மின்வலையை வாங்க முடியாது, எல்லா நாட்டுச் சட்டமும் அதற்கு இடம் தராது. நான் அதற்காக இதைச் சொல்லவில்லை. வருடக்கணக்கில் ரசீதுகளோடு மல்லுக்கட்டியதால்தான், வாக்கெடுப்பு வந்தபோது கட்டணம், உரிமம், கம்பி என்று பேசத் தெரிந்த மனிதர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அவர்களை அடையாளம் தெரிந்தது. யூனிட் கணக்கில் இது எந்த வரியிலும் வராது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவோடு சேர்ந்து ஒரு நூலகத்தின் கூரையில் பேனல் வைக்க உதவினேன். பல மாதங்கள் அலைந்தோம். வைத்து இரண்டாவது வாரம், நல்ல உச்சி வெயிலில் கரண்ட் போனது. நூலகம் இருட்டாகிவிட்டது. மேலே பேனல் வெயிலில் தகதகக்கிறது, கீழே பிள்ளைகள் புத்தகத்தை ஜன்னல் பக்கம் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். "இவ்வளவு செலவு பண்ணி இதுதானா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. நிறுவியவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

குழுவில் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். மறுநாள் வந்து, சாக்பீஸால் சுவரில் கோடு போட்டு விளக்கினார். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற கருவிதான் இன்வெர்ட்டர். பேட்டரி இல்லாமல் மின்வலையோடு நேராக இணைக்கிற இன்வெர்ட்டர், வெளியே கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நிற்காவிட்டால், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிறவர் மேல் நம் கூரை மின்சாரம் பாயும். பெரியவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "அந்த ஆள் உயிருக்காகத்தானே, நிக்கட்டும்" என்றார். அன்று அங்கே நின்ற இருபது பேருக்கும் அது மறக்கவில்லை. அப்புறம் அந்தப் பக்கம் யார் பேனல் வைக்கப் போனாலும் முதல் கேள்வியே "கரண்ட் போனா இது எரியுமா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார். விளம்பரத் தாளை நம்புவதைவிட, தெரிந்த முகம் சொல்வதை மனிதர்கள் நம்புகிறார்கள். கலிபோர்னியாவில் வீட்டுக் கூரைப் பேனல்கள் பரவிய விதத்தை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வும், ஒரு பகுதியில் பேனல்கள் கூடக் கூட அதே பகுதியில் அடுத்தவர் வைப்பதற்கான வாய்ப்பும் கூடுவதைக் காட்டியது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது பேனல்களும் ஒன்பது வீடுகளில் இருக்கின்றன. அந்த ஒன்பதும் சொந்தக் கூரை உள்ள வீடுகளாகத்தான் இருக்க முடியும். கூட்டத்துக்கு வராமல் நின்றுபோன ஏழு பேரில் எத்தனை பேருக்குச் சொந்தக் கூரை இருக்கிறது? வாடகை வீட்டில் இருப்பவரும் அடுக்குமாடியில் நடுத்தளத்தில் இருப்பவரும் உங்கள் குழுவில் மூன்று வருடமாக மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஆறு நிமிடக் கணக்கு அவர்களுக்கு ஒரு சாக்கு மட்டும்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

ஒரே பெரிய கூரையில் பலர் பங்கு போட்டுப் பேனல் வைத்து, வருகிற யூனிட்டை அவரவர் ரசீதில் கழித்துக்கொள்ளும் முறை பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் பகுதி விதிகளில் அதற்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைக் கேட்பதே உங்கள் அடுத்த வேலையாக இருக்கட்டும். கட்டண விதிகளைத் திருத்தும்போது பொதுமக்கள் கருத்து கேட்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அங்கே பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் வழக்கறிஞர்கள்தான் வந்து பேசுகிறார்கள். மூன்று வருட ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசக்கூடியவர்கள் நீங்கள். அந்த ஆயிரம் மெகாவாட் நிலையம் எத்தனை வருடம் ஓட வேண்டும் என்பதும் இப்படிப்பட்ட அறைகளில்தான் முடிவாகிறது.

பகிர்ந்துகொள்வது சிக்கலான வேலைதான். ஸ்காட்லாந்தின் எய்க் தீவில் ஏறக்குறைய நூறு பேர் வாழ்கிறார்கள். நாட்டின் மின்வலை அந்தத் தீவுக்கு வரவில்லை. வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2008-ல் நீரோடை, காற்று, வெயில் மூன்றையும் சேர்த்துத் தங்களுக்கென ஒரு மின்வலையை அமைத்துக்கொண்டார்கள். எந்த வீடும் ஒரே நேரத்தில் ஐந்து கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. சலவை இயந்திரம் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது மின்கெட்டிலையும் அடுப்பையும் சேர்த்துப் போட முடியாது. ஒன்று முடியட்டும் என்று காத்திருக்க வேண்டும். பணக்காரருக்கு ஆறு, ஏழைக்கு நான்கு என்ற பேச்சு கிடையாது. வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து இந்த வரம்பைப் போட்டிருந்தால் சண்டை நடந்திருக்கும். தாங்களே கூடிப் பேசி வைத்த விதி என்பதால் அதோடு வாழ்கிறார்கள். 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், பொது நீரையும் காட்டையும் மக்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவர். பயன்படுத்துகிறவர்களுக்கு விதி வகுப்பதில் பங்கு இருக்கிற இடங்களில் பொதுச்சொத்து தாக்குப்பிடிக்கிறது என்பது அவர் கண்டது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால், வராத ஏழு பேரின் வீட்டுக்கும் ஒருமுறை போய்வாருங்கள். போனில் வேண்டாம், நேரில் போங்கள். ரசீது கேட்காதீர்கள், குழுவிடமிருந்து அவர்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம் அந்த மாணவியிடம் இன்னொரு கணக்குப் போடச் சொல்லுங்கள். பேனல் வைத்த ஒன்பது வீட்டாரும் யாரைப் பார்த்து, யார் சொல்லி வைத்தார்கள்? அவர்களைப் பார்த்து வேறு யார் விசாரித்தார்கள்? பெயர் பெயராக எழுதிக் கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளின் படத்தை எனக்கும் அனுப்புவீர்களா?

அன்புடன்.